எடிட் செய்த வீடியோ வைஃபை வழியாக டிவியில் ஓட மறுத்தால்: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

காதுகுத்து, கல்யாணம், பள்ளி ஆண்டுவிழா என எதுவானாலும் எடிட் செய்து முடித்த வீடியோ லேப்டாப்பில் அழகாக ஓடும். அதையே வைஃபை வழியாக ஹாலில் இருக்கும் டிவிக்கு அனுப்பினால் சத்தம் வராது, நடுவில் நின்று சுற்றும், அல்லது ஃபைலையே திறக்க மாட்டேன் என்று டிவி அடம்பிடிக்கும். உடனே எல்லோரும் ரவுட்டரைத்தான் சந்தேகப்படுவார்கள். ஆனால் இவற்றில் பல கோளாறுகள் எடிட்டை ஃபைலாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் கட்டத்திலேயே முடிவாகிவிட்டவை.

லேப்டாப்பில் இருக்கும் விஎல்சி பிளேயர், எந்த வடிவத்தில் கொடுத்தாலும் பிராசஸர் பலத்தில் பிரித்துக் காட்டிவிடும். டிவிக்குள் இருப்பது குறிப்பிட்ட சில வடிவங்களை மட்டும் பிரிக்கத் தெரிந்த சின்ன சிப். அதற்குத் தெரிந்ததைத்தான் நாம் கொடுக்க வேண்டும். அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போவதற்கு முன்னும் இரண்டு விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதல் வேலை: பென்டிரைவ் சோதனை

எக்ஸ்போர்ட் ஆன அதே ஃபைலைப் பென்டிரைவில் போட்டு டிவியின் யுஎஸ்பி துளையில் செருகி ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் அதே கோளாறு வந்தால் வைஃபை மேல் குற்றமில்லை. ஃபைலைச் சரிசெய்ய வேண்டும். பென்டிரைவில் சுத்தமாக ஓடி, வைஃபையில் மட்டும் தகராறு செய்தால் கோளாறு வழியில் இருக்கிறது. இந்த ஒரு சோதனை பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. நொடிக்கு 12 மெகாபிட் வீதத்தில் எடுத்த வீடியோ சுமார் 47 நிமிடத்திலேயே அந்த அளவைத் தொட்டுவிடும். முழு வீடியோவைப் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். பூ தூவுவது, நடனம், கூட்டம் என்று அசைவு அதிகமாக உள்ள மூன்று நிமிடப் பகுதியை மட்டும் அதே செட்டிங்கில் எக்ஸ்போர்ட் செய்து சோதியுங்கள். டைட்டில் கார்டு ஓடுவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அது எந்த டிவியிலும் ஓடும்.

குரோம்காஸ்ட் போன்ற தனிச் சாதனம் வழியாக அனுப்புபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அங்கே வீடியோவைப் பிரிப்பது டிவி இல்லை, அந்தச் சாதனம். யுஎஸ்பியில் ஓடியது அங்கே ஓடும் என்று உறுதி சொல்ல முடியாது.

இரண்டாவது: ஃபைலை அனுப்புகிறீர்களா, திரையை அனுப்புகிறீர்களா?

விண்டோஸ் விசையுடன் கே விசையை அழுத்தி டிவியைத் தேர்ந்தெடுத்தால் போவது உங்கள் லேப்டாப் திரை. மிராகாஸ்ட் என்னும் இந்த முறையில் திரையில் தெரியும் ஒவ்வொரு படத்தையும் லேப்டாப் அந்த நொடியிலேயே மறுபடியும் சுருக்கி டிவிக்கு அனுப்புகிறது. ஃபைல் மேல் வலது கிளிக் செய்து ‘காஸ்ட் டு டிவைஸ்’ கொடுத்தாலோ, டிவியில் உள்ள மீடியா பிளேயர் வழியாக லேப்டாப் ஃபோல்டரைத் திறந்தாலோ, போவது ஃபைலே. டிவி அதை நேரடியாகப் பிரித்து ஓட்டும்.

எடிட் செய்த வீடியோவுக்குத் திரையை அனுப்பும் முறையை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். ராத்திரி கண் விழித்து நிறம் சரிசெய்து, கட் ஒவ்வொன்றையும் தாளத்தில் உட்கார வைத்த உழைப்பு, அவசரமாக நடக்கும் இரண்டாவது சுருக்கத்தில் கரைந்துபோகிறது. பவர்பாயின்ட் காட்ட அது போதும். படம் காட்ட ஃபைலை அனுப்புங்கள்.

அறிகுறி: டிவியே பட்டியலில் வரவில்லை

இது ஃபைல் சம்பந்தப்பட்டது இல்லை, நெட்வொர்க் சம்பந்தப்பட்டது. லேப்டாப்பும் டிவியும் ஒரே ரவுட்டரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இணைய நிறுவனம் கொடுத்த மோடம் ஒன்று, நாம் வாங்கி வைத்த ரவுட்டர் ஒன்று என்று இரண்டு இருக்கும் வீடுகளில், லேப்டாப் ஒன்றிலும் டிவி மற்றொன்றிலும் தொற்றியிருக்கும். இரண்டின் ஐபி முகவரியையும் பாருங்கள். ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் தொடங்கினால் ஒன்றை மற்றொன்று பார்க்க வழியில்லை. கெஸ்ட் வைஃபையில் இணைந்திருந்தாலும் இதே கதைதான். அதில் இணையும் சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்காதபடி ரவுட்டர் தடுத்து வைத்திருக்கும்.

அடுத்து விண்டோஸ். வைஃபை இணைப்பின் பண்புகளில் நெட்வொர்க் வகை ‘பப்ளிக்’ என்றிருந்தால் லேப்டாப் தன்னை ஒளித்துக்கொள்ளும். ‘பிரைவேட்’ என்று மாற்றுங்கள். வீட்டு வைஃபையில் மட்டும் மாற்றுங்கள். கடை, ஹோட்டல் வைஃபையில் வேண்டாம். பிறகு கன்ட்ரோல் பேனலில் மீடியா ஸ்ட்ரீமிங்கை இயக்குங்கள். விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள்.

மிராகாஸ்டுக்கு ரவுட்டர் தேவையே இல்லை, இரண்டும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். அதனால் மிராகாஸ்டில் டிவி தெரிகிறது, ‘காஸ்ட் டு டிவைஸ்’ பட்டியலில் தெரியவில்லை என்றால் மேலே சொன்ன நெட்வொர்க் விஷயங்களில் ஒன்றுதான் காரணம்.

அறிகுறி: ஃபைல் தெரிகிறது, ஆனால் ‘இந்த வடிவம் ஆதரிக்கப்படவில்லை’

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் உங்கள் ஃபைலைத் திறந்து பாருங்கள். காரணம் அநேகமாக முதல் திரையிலேயே இருக்கும்.

புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் என்று இருந்தால் அது எடிட்டிங்குக்கான மூல வடிவம். டிவிக்கு அது புரியாது. எச்.264 என்ற வழக்கமான சுருக்க முறைதான் இருக்கிறது, ஆனாலும் ஓடவில்லை என்றால் நிற விவரத்தைப் பாருங்கள். 4:2:2 (நிறத் தகவல் எவ்வளவு சேமிக்கப்படுகிறது என்பது) என்றோ, 10 பிட் (நிறச் சாயல்களின் நுணுக்கம்) என்றோ எழுதியிருந்தால் சிக்கல் அதுதான். இப்போதைய மிரர்லெஸ் கேமராக்கள் பல 10 பிட் 4:2:2 பதிவு செய்கின்றன. எடிட்டர் அதே தன்மையை எக்ஸ்போர்ட்டுக்கும் கொண்டுபோனால் லேப்டாப்பில் ஓடும், டிவி சிப் கைவிரிக்கும். டிவிக்கான எச்.264 எப்போதும் 8 பிட், 4:2:0 ஆக இருக்க வேண்டும். 10 பிட் வேண்டுமானால் 4கே டிவிக்கு அடுத்த தலைமுறைச் சுருக்க முறையான எச்.265இன் மெயின் 10 வடிவில் கொடுங்கள், அதுவும் 4:2:0 ஆகவே.

அடுத்த சந்தேகம் லெவல். எச்.264இல் லெவல் என்பது சிப் எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்கான வரம்பு. 1080பி, நொடிக்கு 30 பிரேம் வரை லெவல் 4.1 போதும். அதே அளவில் 50 அல்லது 60 பிரேம் என்றால் 4.2 தேவை. குரோம்காஸ்டின் முதல் இரண்டு தலைமுறைகளும் 4.1 வரைதான் தாங்கும். 1080பி 60 பிரேம் வீடியோவை அவற்றுக்கு அனுப்பிப் பயனில்லை. ‘மேட்ச் சோர்ஸ்’ என்ற பிரீசெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். கேமரா 4கே 60 என்றால் எக்ஸ்போர்ட்டும் அதே ஆகிவிடும். டிவியோ முழு எச்டி.

பெரும்பாலான டிவிகளில் தடையில்லாமல் ஓடக்கூடிய செட்டிங் இது: எம்பி4 ஃபைல், எச்.264 ஹை புரொஃபைல், 1920க்கு 1080, நொடிக்கு 25 அல்லது 30 பிரேம், புரோகிரெசிவ், சராசரி 10 மெகாபிட், உச்சம் 15 மெகாபிட், ஆடியோ ஏஏசி ஸ்டீரியோ 48 கிலோஹெர்ட்ஸ். மறுபடி ரென்டர் செய்ய நேரமில்லை என்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மாற்று மென்பொருளில் ஃபைலைப் போட்டு ‘ஃபாஸ்ட் 1080பி30’ பிரீசெட் கொடுங்கள். தரம் சற்றே குறையும், ஆனால் ஓடும்.

அறிகுறி: படம் வருகிறது, சத்தம் இல்லை

சத்தமே வரவில்லை என்றால் மீடியாஇன்ஃபோவில் ஆடியோ வரியைப் பாருங்கள். பிசிஎம் என்றிருந்தால் எக்ஸ்போர்ட்டில் ஆடியோவைச் சுருக்காமல் விட்டிருக்கிறீர்கள், ஏஏசிக்கு மாற்றுங்கள். டிடிஎஸ் என்ற சரவுண்ட் வடிவம் இருந்தால் டிவியைப் பொறுத்தது. சாம்சங் 2018 மாடல்களிலிருந்து டிடிஎஸ்ஸை விட்டுவிட்டது. சரவுண்ட் தேவையென்றால் ஏசி-3 (டால்பி டிஜிட்டல்) கொடுங்கள், வீட்டு வீடியோவுக்கு ஸ்டீரியோவே போதும்.

பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லை என்றால் டைம்லைனில் பேச்சும் பாட்டும் தனித்தனி டிராக்காகவே எக்ஸ்போர்ட் ஆகியிருக்கும். டிவி முதல் டிராக்கை மட்டும் ஓட்டும். எல்லாவற்றையும் ஒரே ஸ்டீரியோ மிக்ஸாக வெளியே எடுங்கள். காலர் மைக் பேச்சு இடப்பக்க ஸ்பீக்கரில் மட்டும் கேட்டால் அந்த கிளிப்பை மோனோவாக மாற்றி இரு பக்கமும் பரப்புங்கள்.

அறிகுறி: திணறல்

திணறல் என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொன்னாலும் மூன்று வேறு நோய்கள் அதற்குள் இருக்கின்றன. எது உங்களுடையது என்று கவனமாகப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

முதல் வகை: நின்று, வட்டம் சுற்றி, மறுபடி ஓடுகிறது. வேகம் போதவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒற்றை ஆன்டெனா உள்ள டிவி 72 மெகாபிட் இணைப்பு என்று காட்டும். அதில் உண்மையாகக் கைக்குக் கிடைப்பது சுமார் பாதி, 40க்குள். இனி லேப்டாப்பும் வைஃபை, டிவியும் வைஃபை என்றால் அதே தகவல் காற்றில் இரண்டு முறை போகிறது: லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரிலிருந்து டிவிக்கு ஒரு முறை. இரண்டும் ஒரே சேனலில் இருந்தால் 40ம் பாதியாகி 20 ஆகிவிடும். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் பங்கு கேட்கும். இதில் 50 மெகாபிட் மாஸ்டர் ஃபைலை அனுப்பினால் எப்படி ஓடும்?

மருந்து எளிது. இரண்டில் ஒன்றையாவது வயரில் போடுங்கள். லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு ஒரு லேன் கேபிள் இழுத்தாலே காற்றில் போகும் சுமை பாதியாகும். அது முடியாவிட்டால் இரண்டையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் கான்கிரீட் சுவரைத் தாண்டியதும் சீக்கிரம் சோர்ந்துவிடும், ரவுட்டர் அதே அறையிலோ அடுத்த அறையிலோ இருந்தால்தான் பலன். 2.4லேயே இருக்க வேண்டிய நிலை என்றால் 1, 6, 11 என்ற சேனல்களில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். இணையத் திட்டத்தை 300 மெகாபிட்டுக்கு உயர்த்துவதால் ஒன்றும் மாறாது. வீடியோ வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை.

இரண்டாவது வகை: மற்ற இடமெல்லாம் நன்றாக ஓடி, குறிப்பிட்ட இடங்களில் மட்டும் உடைகிறது. அட்சதை தூவும் இடம், வாணவேடிக்கை, பளபளக்கும் பட்டுச்சேலைக் கூட்டம். இது பிட்ரேட், அதாவது நொடிக்கு ஓடும் தகவல் அளவு, உச்சத்துக்குப் போவது. ‘தரம் மாறாமல்’ என்ற முறையில் எக்ஸ்போர்ட் செய்தால் சராசரி 10 மெகாபிட் இருக்கும் வீடியோ, அட்சதை விழும் நொடிகளில் 40, 50க்குத் தாவும். பிரீமியரில் இரண்டு எண்கள் கேட்கும் விபிஆர் (மாறும் பிட்ரேட்) முறையைத் தேர்ந்தெடுத்து உச்சத்தையும் கட்டுங்கள். டாவின்சி ரிசால்வில் தரத்தைத் தானியங்கியாக விடாமல் ‘ரெஸ்ட்ரிக்ட் டு’ பெட்டியில் எண் கொடுங்கள். ஹேண்ட்பிரேக்கில் லெவல் 4.0 வைத்தால் ஹை புரொஃபைலில் உச்சம் 25 மெகாபிட்டைத் தாண்டாது. பலரும் வைஃபை தவறு என்று புது ரவுட்டர் வாங்குவது இந்த வகைக்காகத்தான், அதனால் அழுத்திச் சொல்கிறேன்: ஒவ்வொரு முறையும் அதே காட்சியில் உடைந்தால் ரவுட்டர் வாங்காதீர்கள்.

மூன்றாவது வகை: எங்கும் நிற்கவில்லை, ஆனால் கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் தத்தித் தத்திப் போகிறது. இது பிரேம் ரேட். போன் 30 பிரேமில் எடுத்ததை 25 பிரேம் டைம்லைனில் போட்டால் ஆறில் ஒரு பிரேம் காணாமல் போகும். 25ஐ 30இல் போட்டால் ஐந்தில் ஒன்று இரட்டிக்கும். இரண்டுமே கண்ணுக்குத் தெரியும். அதிகமான கிளிப்புகள் எதில் இருக்கின்றனவோ அதில் டைம்லைனை அமையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டப விளக்குகளின் கீழ் 25 அல்லது 50 பிரேமில் எடுப்பது மினுக்கத்தைத் தவிர்க்கும் என்று பல கேமராக்காரர்கள் 25க்குப் போகிறார்கள், நல்ல பழக்கம். அதே மண்டபத்தில் அத்தை மகன் போனில் 30இல் எடுத்துக் கொடுத்ததையும் கலக்கும்போதுதான் இந்தத் தத்தல் வருகிறது. அந்த கிளிப்புகளுக்கு மட்டும், இடைப்பட்ட பிரேம்களைக் கணித்து உருவாக்கும் ஆப்டிகல் ஃப்ளோ கொடுத்துப் பாருங்கள்.

25 பிரேம் வீடியோ லேப்டாப் திரை வழியாகப் போனாலும் தத்தும். 60 ஹெர்ட்ஸ் திரையில் 25 சமமாக வகுபடாது; சில பிரேம்கள் இருமுறை, சில மும்முறை என்று காட்டப்படும். ஃபைலாக அனுப்பினால் பல டிவிகள் தாமே 50 ஹெர்ட்ஸுக்கு மாறிக்கொள்ளும். திரையை அனுப்ப வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

இவை எதிலும் சேராத ஒரு குறிப்பு: வீடியோ ஓடும்போது லேப்டாப்பின் விசிறி இரைகிறதா? ஃபைலை அப்படியே அனுப்பினால் லேப்டாப்புக்கு வேலையே இருக்காது. விசிறி இரைந்தால் ஜெல்லிஃபின், பிளெக்ஸ், விஎல்சி போன்ற வீடியோ அனுப்பும் மென்பொருள்கள் உங்கள் ஃபைலை டிவிக்கு ஏற்ப அந்த நேரத்தில் மாற்றிக்கொண்டிருக்கின்றன. ‘இந்த வடிவம் ஆதரிக்கப்படவில்லை’ பகுதியில் சொன்ன செட்டிங்கில் எக்ஸ்போர்ட் செய்தால் இது நின்றுவிடும்.

அறிகுறி: தொடங்க வெகுநேரம், முன்னே பின்னே நகர்த்த முடியவில்லை

எம்பி4 ஃபைலின் பொருளடக்கம் வழக்கமாகக் கடைசியில் எழுதப்படும். பெரிய ஃபைலில் டிவி அதைத் தேடியே காத்திருக்கும். ஹேண்ட்பிரேக்கில் ‘வெப் ஆப்டிமைஸ்டு’, ரிசால்வில் ‘நெட்வொர்க் ஆப்டிமைசேஷன்’ என்ற பெட்டியில் டிக் போட்டால் அது முன்னுக்கு வந்துவிடும். நகர்த்தும்போது பத்து நொடி தள்ளிப் போய் விழுந்தால் முழுப் படமாகச் சேமிக்கப்படும் கீ பிரேம்களின் இடைவெளியை இரண்டு நொடியாக, அதாவது 25 பிரேம் வீடியோவுக்கு 50 என்று வையுங்கள்.

அறிகுறி: நிறம் வெளுத்திருக்கிறது, அல்லது கருமை அடைத்துப்போயிருக்கிறது

ஐபோன் 12 முதல் வந்த போன்கள் வழக்கமாகவே எச்டிஆர் (அதிக வெளிச்ச வீச்சு) பதிவு செய்கின்றன. அதைச் சாதாரண டைம்லைனில் மாற்றாமல் போட்டால் முகம் வெளுத்தோ வானம் எரிந்தோ தெரியும். எடிட்டரின் கலர் மேனேஜ்மென்டில் வெளியீட்டை, சாதாரண டிவிக்கான நிறத் தரமான ரெக்.709 என்று வைத்து, எச்டிஆர் கிளிப்புகளை அதற்கு மாற்றுங்கள். எல்லா கிளிப்பும் ஒரே மாதிரி வெளுத்தோ இருண்டோ இருந்தால் அது ரேஞ்ச் பிரச்சினை: வீடியோவில் கருப்பு 16இல் தொடங்கி வெள்ளை 235இல் முடிய வேண்டும். ரிசால்வில் டேட்டா லெவல்ஸை ‘வீடியோ’ என்று வையுங்கள். இதைப் பார்ப்பதற்கு முன் டிவியை ‘விவிட்’ பயன்முறையிலிருந்து எடுத்துவிடுங்கள். அதில் எந்த நிறத்தையும் எடைபோட முடியாது.

ஓரம் வெட்டுப்பட்டு, பெயர்கள் பாதி மறைந்தால் டிவியின் பட அளவை எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சோனியில் ‘ஃபுல் பிக்ஸல்’ போன்ற தேர்வுக்கு மாற்றுங்கள்.

அறிகுறி: உதடும் சத்தமும் ஒத்துப்போகவில்லை

தொடக்கத்திலும் கடைசியிலும் ஒரே அளவு விலகலா, போகப்போகக் கூடுகிறதா என்று பாருங்கள். ஒரே அளவு என்றால் புளூடூத் சவுண்ட்பாரின் தாமதம். சில டிவிகளில் ஆடியோ டிலே செட்டிங்கில் சரிசெய்யலாம். கூடிக்கொண்டே போனால் போன் வீடியோவின் மாறும் பிரேம் ரேட் காரணம். போன் வெளிச்சத்துக்கு ஏற்ப 30, 28, 24 என்று மாற்றிக்கொண்டே எடுக்கும். எடிட் செய்வதற்கு முன்பே அந்த கிளிப்புகளை ஹேண்ட்பிரேக்கில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். எக்ஸ்போர்ட் ஆன பிறகு இதைச் சரிசெய்ய நல்ல வழி இல்லை.

அறிகுறி: தமிழ் எழுத்து உடைகிறது

இதற்கு ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் பதில் கிடைக்காது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

எடிட்டருக்குள்ளேயே ‘கொ’ என்பதில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் விழுந்தால், புள்ளி தனியே வட்டத்தோடு நின்றால், மென்பொருள் எழுத்துகளைக் கோக்கவில்லை என்று பொருள். பிரீமியரில் பிரிஃபரன்ஸஸ், கிராஃபிக்ஸ் பகுதியில் டெக்ஸ்ட் என்ஜினைத் ‘சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ என்று மாற்றி, மென்பொருளை மூடித் திறந்து, புதிய டெக்ஸ்ட் லேயரில் எழுதுங்கள். எழுத்துருவுக்கு நிர்மலா யுஐ, நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டும் நம்பகமானவை.

ஸ்டூடியோக்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் டைட்டில் அடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. படத்தோடு படமாகப் பதியும்வரை அதில் தொல்லையில்லை. அதே வரிகளை எஸ்ஆர்டி என்ற தனி சப்டைட்டில் ஃபைலாக எடுத்தால் டிவியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் வரும், ஏனென்றால் பாமினிக்குள் இருப்பவை உண்மையில் அவைதான். என்எச்எம் கன்வர்ட்டரில் யூனிகோடாக மாற்றிய பிறகே எஸ்ஆர்டி செய்யுங்கள்.

சப்டைட்டில் முழுக்கக் கேள்விக்குறிகளாக வந்தால் ஃபைல் ஆன்சி என்ற பழைய எழுத்துக்குறியீட்டு முறையில் சேமிக்கப்பட்டிருக்கிறது. பழைய நோட்பேடில் அதுதான் வழக்கமான முறை. அப்படிச் சேமித்ததும் தமிழ் எழுத்துகள் அழிந்தே போகின்றன; அந்த ஃபைலை மீட்க முடியாது. மூலத்திலிருந்து மறுபடி யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள்.

கட்டங்கட்டமாக வந்தால் ஃபைலில் தவறில்லை. டிவியில் தமிழ் எழுத்துரு இல்லை, நாம் சேர்க்கவும் முடியாது. ஆண்ட்ராய்டு டிவி என்றால் அதில் விஎல்சி நிறுவி, லேப்டாப் ஃபோல்டரை அதன் வழியே திறந்து பாருங்கள். மற்ற டிவிகளில் எஸ்ஆர்டியைப் படத்திலேயே பதித்துவிடுவதுதான் வழி. ஹேண்ட்பிரேக்கின் சப்டைட்டில் பக்கத்தில் எஸ்ஆர்டியைச் சேர்த்து ‘பர்ன் இன்’ கொடுங்கள். டிஎல்என்ஏ வழியில், அதாவது ‘காஸ்ட் டு டிவைஸ்’ பயன்படுத்தும் முறையில் போகும்போது தனி எஸ்ஆர்டி பல நேரம் கூட வருவதே இல்லை என்பதால், வைஃபையில் காட்டப்போகும் வீடியோவுக்கு நான் எப்போதும் பதித்தே கொடுப்பேன். 1080 உயரத்துக்கு எழுத்து 55 பிக்ஸல் அளவிலாவது இருக்கட்டும். சோபாவில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவும் படிக்க வேண்டும். சப்டைட்டில் பதிக்காத மாஸ்டர் பிரதியை ஹார்ட் டிஸ்கில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், பதித்ததை அழிக்க முடியாது.